கட்சிக்காரர் நாற்காலி

சண்முகசுந்தரம் அண்டு அசோசியேட்ஸ் என்ற வழக்கறிஞர் நிறுவனத்தில் உட்காருவதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. அது எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. அச்சான சட்டங்களைவிட ஒழுங்காக நடந்துவந்தது. வானகரத்தில் பைபாஸைப் பார்த்த கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் சீனியரின் அறை. அதில் அவருடைய சுழல் நாற்காலி போக நாலு தோல் நாற்காலிகள் உண்டு. நாலும் கட்சிக்காரர்களுக்கு. கட்சிக்காரர் வராத நாட்களில் அவை சும்மா கிடக்கும். ஜூனியர்கள் கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவற்றின் பக்கத்தில் நிற்பார்கள்.

கஜபதி அங்கே பதினொரு வருஷம் நின்றான். சேக்காட்டில் அவன் தெருவிலிருந்து முதலில் கறுப்புக் கோட்டு மாட்டியவன் அவன்தான். அவனுடைய அப்பா முனியன் ஊரார் வயலில் குனிந்தே முதுகு வளைந்தவர். மகனாவது நிமிர்ந்து நிற்கட்டும் என்று படிக்கவைத்துவிட்டுச் செத்துப்போனார். மகன் நிமிர்ந்துதான் நின்றான். உட்காரச் சொல்லத்தான் ஆளில்லை. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொண்டது. காட்டிய இடத்தில் டாக்டர், "டிராஃபிக் போலீஸா?" என்று விசாரித்தார். வக்கீல் என்று சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது.

சீனியர் சண்முகசுந்தரம் இதற்கு ஒரு தத்துவம் வைத்திருந்தார். "உக்காந்தா சட்டம் தூங்கிடும்பா. நான் என் சீனியர்கிட்ட ஒம்பது வருஷம் நின்னேன். அவர் காபி குடிக்கும்போது டபராவைக்கூட நான்தான் பிடிச்சுகிட்டு நிப்பேன். அந்தப் பயிற்சி இல்லேன்னா இன்னிக்கு நான் இப்படி உக்காந்திருக்க முடியுமா?" இதை அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொல்வார். ஜூனியர்கள் நின்றபடியே நெகிழ்வார்கள்.

கீழே டீக்கடையில் அந்த ஜூனியர்கள் பேசுவது ஒரே பேச்சுதான். இன்-ஹவுஸ். அதாவது ஏதாவது ஒரு கம்பெனிக்குள்ளேயே சம்பள வக்கீலாகப் போய்ச் சேருவது. அங்கே சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை இருக்கிறதாம், மத்தியானம் சுடச்சுடச் சோறாம். செத்தவர்கள் சொர்க்கத்தைப் பற்றிப் பேச முடிந்தால் இப்படித்தான் பேசுவார்கள். கஜபதி இதிலெல்லாம் சேராமல்தான் இருந்தான், ஸ்ரீகாந்த் வரும்வரை.

ஸ்ரீகாந்த் அதே நிறுவனத்தில் அவனுக்கு முன்னால் நின்றவன். போனவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் அருள்வடிவு பிரஸ்ஸிங்ஸ் என்ற கம்பெனியில் சட்டத்துறைத் தலைவராகிவிட்டான். கார் கதவுகளுக்குக் கீல் அடிக்கிற கம்பெனி. ஒரு நாள் அவன் கட்சிக்காரராகத் திரும்பி வந்தான். வந்தவனைப் பார்த்து சண்முகசுந்தரம் எழுந்தார். எழுந்ததோடு நிற்காமல் தோல் நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டார். ஸ்ரீகாந்த் அதில் உட்கார்ந்தபோது உள்ளிருந்த காற்று மெல்லப் புஸ்ஸென்று வெளியேறியது. அந்தச் சத்தத்தைக் கஜபதி ராத்திரி வீட்டில் படுத்தபடி பலமுறை நினைத்துப் பார்த்தான். அவன் முடிவெடுத்தது அந்தச் சத்தத்தில்தான். சம்பளம், சாயங்காலம், சுடச்சுடச் சோறு எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட காரணங்கள்.

ஒரே ஒரு சிக்கல். முழுநேரச் சம்பளத்துக்குப் போகிற வழக்கறிஞர் பார் கவுன்சிலில் தன் பதிவை நிறுத்தி வைத்துவிட வேண்டும். அதன் பிறகு கோட்டு மாட்டிக்கொண்டு யாருக்காகவும் கோர்ட்டில் பேச முடியாது. கஜபதியின் தங்கை கார்த்திகாவுக்கு இது பிடிக்கவில்லை. கல்யாணமாகி அடுத்த தெருவிலேயே இருப்பவள். அண்ணன் கோட்டைத் துவைக்கக் கொடுத்தால்கூடத் தெருவில் நாலு பேர் பார்க்கிற மாதிரி எடுத்துப்போகிறவள்.

"இன்னாண்ணே இது, படிச்ச படிப்ப யாரோ ஒருத்தங்கிட்ட குடுத்துட்டு வரேன்ற? நாள பின்ன நம்ப ஊட்ல ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பாங்க?"

"நம்ப ஊட்ல இன்னா வரப்போவுது?"

"வராமயேவா எல்லாரும் கோர்ட்டுல பூந்துகினு கீறாங்க?"

அவள் புருஷன் டில்லிபாபு இடையில் புகுந்தான். காட்டுப்பாக்கத்தில் தண்ணி லாரி ஓட்டிக்கொண்டிருந்த சாதுவான ஆள். மச்சான் சொல்வது சட்டம் என்று நம்புகிறவன். "நீ சும்மா இரும்மே. மச்சானுக்குத் தெரியாதா? பதினோரு வருசமா நின்னு காலெல்லாம் பாம்பு சுத்தின மாதிரி கீது. போயி ஒயுங்கா ஒரு எடத்துல குந்தட்டும்." கஜபதிக்கு அந்த நிமிஷம் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குக் கைம்மாறாகத்தான், கம்பெனியில் சேர்ந்ததும் முதல் வேலையாக, ஆள் அனுப்புகிற காண்டிராக்டரிடம் சொல்லி டில்லிபாபுவை, தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ் மெஷினில் வேலைக்கு வைத்துவிட்டான்.

விடைபெறப் போன அன்று சண்முகசுந்தரம் ஒரு சொற்பொழிவு செய்தார். "போயிட்டு வாப்பா. நம்ம நிறுவனம் மாமரம் மாதிரி. காய் விழறது இயற்கை. விழுந்த காய் கட்சிக்காரனா உருண்டு வந்தா மரத்துக்குச் சந்தோஷம்." பிறகு, கம்பெனியின் வழக்குகள் வேறு எந்த நிறுவனத்துக்கும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவன் கன்னத்தைத் தட்டினார். அன்றைக்கும் உட்காரச் சொல்லவில்லை. வேலையிலிருந்து விடுபட அன்று சாயங்காலம்வரை நேரம் இருந்தது.

அருள்வடிவு பிரஸ்ஸிங்ஸில் அவனுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். தலைக்கு ஒரு மெத்தை, இடுப்புக்கு ஒரு மெத்தை, கைகளுக்கு இரண்டு. ஸ்ரீகாந்த் அவனை அதில் உட்காரவைத்து வேதம் ஓதினான்.

"சட்டத்துறைன்னா பிரேக் இல்ல கஜபதி, ஆக்சிலரேட்டர். 'கூடாது'ங்கற வார்த்தையக் கோர்ட்டோட விட்டுட்டு வந்துடணும். இங்க 'எப்படிக் கூடும்' மட்டும்தான். அப்புறம் முக்கியமானது, சாரி சொல்லக் கூடாது. சாரின்னா தப்பு நம்மளதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்குக் கோர்ட்ல அதத்தான் காட்டுவான். நான் வீட்லகூடச் சொல்றதில்ல."

ஸ்ரீகாந்தின் மனைவி பிரிந்து போய்விட்டாள். ஆனால் அதற்கான பொறுப்பு இதுவரை அவன் மேல் நிரூபணமாகவில்லை.

கஜபதி பாடத்தை நன்றாகப் படித்தான். நின்று நின்று கற்ற சட்டத்தை உட்கார்ந்து பயன்படுத்துவதில் இருக்கிற சுகம் அவனைப் பிடித்துக்கொண்டது. கேன்டீன் சாம்பாரில் கரப்பான்பூச்சி கிடந்தபோது பரிமாறுகிறவர் வாய் தவறி மன்னிப்புக் கேட்டுவிட்டார். கஜபதி உடனே தலையிட்டு, "சாம்பாரில் காணப்பட்டதாகச் சொல்லப்படும் உயிரினம் குறித்து நிறுவனம் கருத்து எதுவும் கொண்டிருக்கவில்லை" என்று கேன்டீன் வாசலில் பலகை மாட்டினான். ஆயுத பூஜைக்கு வந்த பூசாரி, தான் காட்டும் கற்பூரத்தால் சாமிக்கும் கம்பெனிக்கும் இடையில் எந்த ஒப்பந்தமும் உண்டாகவில்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகே மணி அடிக்க அனுமதிக்கப்பட்டார். பூசணிக்காய் உடைக்கப்படவில்லை. உடைத்தால் வழுக்கும், வழுக்கினால் வழக்கு. அதைச் சுற்றிக் காட்டிவிட்டு, உடைந்ததாகக் கருதப்பட்டு, கிடங்கில் வைக்கப்பட்டது.

வாசல் காவலாளி கோவிந்தன் கேட்டிலேயே மாரடைத்து இறந்தபோதுதான் கஜபதியின் திறமை முழுதாக வெளிப்பட்டது. கம்பெனி மாலை அனுப்ப விரும்பியது. மாலை அனுப்பினால் துக்கம் என்றாகிறது. துக்கம் என்றால் ஏன் என்ற கேள்வி வருகிறது. கஜபதி ஒரு மத்தியானம் முழுக்க யோசித்து வாசகம் தயாரித்தான். மலர் வளையத்தின் ரிப்பனில் "எவ்விதப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளாமலும், நிறுவனத்தின் உரிமைகளுக்குப் பங்கமின்றியும், ஆழ்ந்த இரங்கல்" என்று தங்க எழுத்தில் அச்சடித்தார்கள். வாசகம் நீளமாகிவிட்டதால் கோவிந்தன் பேருக்கு ரிப்பனில் இடம் போதவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவர் மனைவி கெங்கம்மாள், தங்க எழுத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு எழுதியிருக்கிறார்களே என்று கஜபதியைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆண்டு விழாவில் நிர்வாக இயக்குநர் அவனை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார். "முன்னெல்லாம் நம்ம கம்பெனில தப்பு நடக்கும், நாம வருத்தப்படுவோம். எவ்வளவு நேரம் வீண்! மிஸ்டர் கஜபதி வந்த பிறகு நாம வருத்தப்படறதே இல்ல. வருத்தப்படாததால தப்பே நடக்கல. இத மத்த கம்பெனிகளும் கத்துக்கணும்." கூட்டம் கைதட்டியது. காண்டிராக்ட் ஆட்கள் பந்தலுக்கு வெளியே நின்று தட்டினார்கள். அதில் டில்லிபாபுவின் இரண்டு கைகளும் இருந்தன.

விழா முடிந்த சூட்டில் உற்பத்தி மேலாளர் ஜஸ்டின் ஒரு கூட்டம் கூட்டினார். பிரஸ் மெஷின்களில் ஒரு லைட் சென்சார் இருந்தது. அச்சுக்குள் யார் கையாவது போனால் மெஷினைச் சட்டென்று நிறுத்திவிடும். அதுதான் அவருடைய மனக்குறை.

"கை உள்ள போறப்பல்லாம் மெஷின் நின்னுடுது சார். இப்படி நின்னுகிட்டே இருந்தா உற்பத்தி என்னாறது? சென்சார் இல்லாம பாத்தேன், வெண்ணெய் மாதிரி ஓடுது. கழட்டிடலாமான்னு சட்டத்துறை ஒரு வார்த்தை சொன்னா போதும்."

கஜபதியின் வாயில் 'கூடாது' என்ற சொல் வந்துவிட்டது. பல்லுக்குப் பின்னால் அது நிற்பது அவனுக்கே தெரிந்தது. அந்த மெஷின்களில் ஒன்றில் யார் நிற்கிறான் என்பதும் தெரியும். எதிரே ஸ்ரீகாந்த் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலி இடுப்பை இதமாகத் தாங்கிக்கொண்டிருந்தது.

"கழட்டறதுன்னு சொல்ல வேண்டாம்," என்றான் கஜபதி. "சென்சாருக்கு ஓய்வு கொடுக்கறோம். கவனமா இருக்கறது தொழிலாளியோட கடமைன்னு ஒரு போர்டு மாட்டிடுங்க. சட்டத்துறைக்கு ஆட்சேபம் இல்ல."

ஜஸ்டின் எழுந்து வந்து கை கொடுத்தார். போர்டு பெரிதாக, பச்சை எழுத்தில், நல்ல தமிழில் இருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் டில்லிபாபுவின் வலது கையில் மூன்று விரல்களை மெஷின் எடுத்துக்கொண்டது. போர்டு அவன் கண்ணுக்கு நேர் எதிரில்தான் இருந்தது.

கஜபதி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலருகே கம்பெனியின் பழக்கூடை அவனுக்கு முன்பே வந்திருந்தது. ஆப்பிள்களுக்கு மேல் ரிப்பன். வாசகம் அவனுடையதுதான், இரங்கல் என்பதற்குப் பதிலாக நலம் விழைதல் என்று மாற்றியிருந்தார்கள். டில்லிபாபு மருந்து மயக்கத்தில் தூங்கினான். கார்த்திகா அழுது முடித்திருந்தாள்.

"அந்த லைட்ட யாருண்ணே அவுத்தது? அது இருந்தா மெஷின் நின்னுருக்குமாமே."

கஜபதி ஆப்பிள்களின் மேலிருந்த ரிப்பனைச் சுருட்டத் தொடங்கினான்.

"ஒனக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்குத் துட்டு வாணாம். தப்பு நடந்துபோச்சு கார்த்தின்னு ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா போதும், நான் அயுதுட்டு எந்திரிச்சுப் போறேன்."

அவனுக்கு அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. கண்ணீர் வந்தது, வந்த கண்ணீர் ஒப்புதல் வாக்குமூலம் ஆகுமா என்று மூளை தன்பாட்டில் யோசிக்கத் தொடங்கியதில் அப்படியே நின்றுவிட்டது. வாய் திறந்தபோது அவனுக்கே அந்நியமான குரல் பேசியது. "நடந்தது கம்பெனியோட கவனத்துக்கு வந்திருக்கு."

கார்த்திகா பழக்கூடையை எடுத்து அவன் கையில் கொடுத்து, "எத்துகினு போ," என்றாள்.

அன்றிரவு கஜபதிக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் அவன் மனிதனாகிவிட முடிவு செய்தான். வேலையை விட்டுவிடுவது, பதிவை உயிர்ப்பித்துக்கொள்வது, கோட்டை மாட்டிக்கொண்டு தங்கைக்காக வழக்காடுவது. நேராக வானகரத்துக்குப் போனான். சண்முகசுந்தரம் எழுந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். பதினொரு வருஷமாக ஏங்கிய தோல் நாற்காலியில் கஜபதி உட்கார்ந்தான். புஸ்ஸென்ற அதே சத்தம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த நிலைமையிலும் அவனுக்கு அது இனித்தது.

விஷயத்தைச் சொன்னான். சண்முகசுந்தரம் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்ல மனசுப்பா. ஆனா உங்க கம்பெனிக்காக இந்த வழக்குல நான்தான் ஆஜராகறேன். ஸ்ரீகாந்த் காலைலயே பேசிட்டார். உன்னால ஆக முடியாது. கோட்டத் திரும்ப வாங்கிட்டாலும் முடியாது. சென்சாரப் பத்தி ஆலோசனை சொன்னது நீ. கம்பெனி ரகசியம் அத்தனையும் உன் வயித்துல இருக்கு. அந்தக் கம்பெனிக்கு எதிரா நீ வாயத் திறந்தா தொழில் தர்மம் என்னாறது?" அவர் குரல் தழுதழுத்தது. தொழில் தர்மம் என்று வந்துவிட்டால் அவர் உணர்ச்சிவசப்பட்டுவிடுவார். "வேலைய விட்டா ஒண்ணு வேணா பண்றேன். பழைய வேலைல சேத்துக்கறேன். அந்தச் சுவர் ஓரமா உன் இடம் அப்படியே இருக்கு."

கஜபதி திரும்பிப் பார்த்தான். அவன் சாய்ந்து சாய்ந்து சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் யாரோ ஒரு புதுப் பெண் கேஸ் கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவன் இரண்டையும் நிறுத்துப் பார்த்தான். ஒரு பக்கம் தங்கை. ஆனால் அவளுக்காக எப்படியும் பேச முடியாது. இன்னொரு பக்கம் நாற்காலி. எப்படியும் பேச முடியாது என்றான பிறகு, உட்கார்ந்துகொண்டே பேசாமல் இருப்பதில் என்ன தவறு என்று அவனுடைய சட்ட அறிவு எடுத்துச் சொல்லியது. அவன் வேலையை விடவில்லை.

வழக்கு தொழிலாளர் இழப்பீட்டு அதிகாரியின் முன்னால் வந்தது. கம்பெனியின் பிரதிநிதியாகக் கஜபதியையே அனுப்பினான் ஸ்ரீகாந்த். குடும்பத்து முகம் ஒன்று நம் பக்கம் இருப்பது நல்லது என்றான். கார்த்திகாவுக்கு ஒரு இளம் பெண் வழக்கறிஞர் கிடைத்திருந்தார். கேட்க வேண்டியதையெல்லாம் சரியாகவே கேட்டார். அப்புறம் சண்முகசுந்தரம் எழுந்தார்.

"ஐயா, இந்த டில்லிபாபு காண்டிராக்டரோட ஆவணப்படி தோட்டக்காரர். தோட்டக்காரருக்குப் பிரஸ் மெஷின்ல என்ன வேலை? மெஷின் எங்களோடதுதான், மறுக்கல. உள்ள வந்த கை யாரோடதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

கம்பெனியில் தோட்டம் கிடையாது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் பனைமரம் மட்டும் உண்டு. அவனைத் தோட்டக்காரர் என்று எழுதிய அந்தக் காண்டிராக்டைப் படித்து ஒப்புதல் கொடுத்ததும் கஜபதிதான்.

அதிகாரி களைத்துப்போன மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கஜபதியைக் கேட்டார். "நீங்கதானே கம்பெனி சார்பா வந்திருக்கீங்க? இவரை உங்களுக்குத் தெரியுமா?"

டில்லிபாபு கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, உதவி செய்கிறவன் போல முகத்தை நன்றாகக் காட்டினான். சேக்காட்டில் கஜபதியின் வீட்டுக் கூரையில் ஷீட் மாற்றியது, அப்பா முனியனின் பாடைக்குத் தோள் கொடுத்தது, எல்லாம் அந்த ஆள்தான். கார்த்திகா நிமிர்ந்து பார்த்தாள். இப்போதாவது சொல்லிவிடுவான் என்று அவளுக்கு இன்னும் எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது.

"கம்பெனி பதிவுகள்படி," என்றான் கஜபதி, "தெரியாது."

அதிகாரி எழுதிக்கொண்டார். சண்முகசுந்தரம் மேஜைக்கு அடியில் அவன் தொடையை மெச்சித் தட்டினார். அடுத்த தேதி சொல்ல எல்லாரையும் வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

வெளியே வராந்தாவில் ஒரே கூட்டம். கை போனவர்கள், கால் போனவர்கள், புருஷன் போனவர்கள். கார்த்திகா ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து டில்லிபாபுவை உட்காரவைத்தாள். சண்முகசுந்தரம் காரில் ஏசி போட்டு உட்காரப் போய்விட்டார். கஜபதி தூண் ஓரமாக, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வெகுநேரம் நின்றதில் பழைய கால்வலி மேலே ஏறியது. ஒரு காலைத் தூக்கி மறு காலில் தேய்த்துக்கொண்டான்.

டில்லிபாபு அதைப் பார்த்துவிட்டான். நல்ல கையை முட்டியில் ஊன்றி மெல்ல எழுந்தான்.

"மச்சான், வா, இங்க குந்து. ஒன்னால நிக்க முடியாது. நரம்பு கீதுல்ல."

"யாருக்குய்யா சேர் குடுக்கிற?" கார்த்திகா பல்லைக் கடித்தாள். "அவருக்கு ஒன்னத் தெரியாதாமே. எய்தியே வச்சுகினாங்க."

"அவருக்குத் தெரியாட்டி இன்னாம்மே," என்றான் டில்லிபாபு. "எனக்கு அவரத் தெரியும்ல."

வராந்தாவில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். டில்லிபாபு நாற்காலியைக் காலால் தள்ளி மச்சான் பக்கம் நகர்த்தினான். ஒற்றைக் கையால் நகர்த்த வரவில்லை. கஜபதிக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிப்புக் கேட்கக் கூடாது என்பது தெரியும். நன்றி சொல்லலாமா என்று யோசித்தான். நன்றி சொன்னால் ஆளைத் தெரியும் என்றாகிவிடும்.

நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அவன் உட்கார்ந்துகொண்டான்.